மழைக்கு வேண்டிய ஒன்பது நாள்

கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த கன்னியர் மடத்துப் பள்ளியில், ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒரு தேசப்படம் தொங்கும். ஊர்களும் ஆறுகளும் புதுக்கருக்கு மாறாமல் இருக்க, கன்னியாகுமரிக்குக் கீழே கொஞ்சம் கடல் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருக்கும். விரல் பூகோள டீச்சருடையது. அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவர் பாய்த்தோணியில் தண்டல். அதாவது தோணிக்கும் அதிலுள்ள ஆட்களுக்கும் தலைவர். அரிசியும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார், மாசிக் கருவாட்டோடு திரும்புவார். பள்ளி விடுதியில் டீச்சரும் நானும் ஒரே அறை. அவருக்கு நாற்பது வயதிருக்கும். எனக்கு இருபத்திரண்டு, வேலைக்குச் சேர்ந்த புதிது. மடத்துக்குப் பைக்காரா மின்சாரம் வந்ததும் அந்த வருஷம்தான்.

புரட்டாசி நடுவில் தோணி மாலத்தீவை விட்டுப் புறப்பட வேண்டியது. காற்று ஒத்துழைத்தால் பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். ஒரு நாள் முந்திக் கிளம்பிய இன்னொரு தோணி தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஐப்பசி பிறந்தும் இது வரவில்லை. டீச்சர் அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார், அவ்வளவுதான். எனக்கோ கடல் என்றால் அந்தப் படத்திலிருந்த நீலம். "வந்துருவாருங்க டீச்சர்" என்று தினம் ஒரு தடவை சொல்வேன். சொல்லிவிட்டு நன்றாகத் தூங்குவேன்.

அதே ஐப்பசியில் எங்கள் பல்லடம் பக்கம் காய்ந்து கிடந்தது. பருத்தி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டார்கள். பிள்ளையாரைத் தண்ணீரில் மூழ்க வைத்து மழை கேட்பது ஊர் வழக்கம். அந்த வருஷம் மூழ்க வைக்கத் தண்ணீர் இல்லை. என்னைப் பார்க்க வந்த அப்பா, நேரே மதரிடம் போய் நின்றார். "ஏனுங்கம்மா, எங்க சாமியெல்லாத்தையும் கேட்டுப்போட்டோம். உங்க சாமிகிட்டயும் மழைக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றார். மதர் சிரித்துக்கொண்டே ஒன்பது நாள் செபத்துக்கு ஒப்புக்கொண்டார். யார் நடத்துவது என்று யோசித்தவரிடம், "பூகோள டீச்சர்தானுங்க மதர். அவங்க குரல்தான் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான். மழையால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கமே எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கிடையாது. தோணி வராதது ஒரு சங்கதி, மழை வராதது வேறொரு சங்கதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மண்டைக்குத் தோன்றவில்லை. டீச்சர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு "சரி மதர்" என்றார்.

சாயங்காலம் பிள்ளைகள் முழங்காலில் நிற்க, டீச்சர் முன்னால் நின்று மழை கேட்டார். நான் கும்பிடுவது வேறு சாமி என்பதால் கடைசி வரிசையில் நிற்பேன். அங்கே வரைக்கும் அவர் குரல் பிசிறில்லாமல் வந்தது. ஏழாம் நாள், செபம் முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளோடு நானும் முற்றத்தில் இறங்கிக் கூத்தடித்தேன். "டீச்சர், வாங்க! நனையலாமுங்க!" என்று கத்தினேன். அவர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, "காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கு?" என்று கேட்டார். "கெழக்க இருந்துங்க" என்று சிரித்தபடி சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த மழையும் காற்றும் கடலில் அந்தத் தோணி மேலும் அடிக்குமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மழை வந்துவிட்டாலும் ஒன்பது நாள் என்றால் ஒன்பது நாள்தான் என்று மீதி இரண்டு நாளையும் அவர் நடத்தி முடித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் வாயைத் திறப்பேன்; "குடை எடுத்துக்கிட்டீங்களா டீச்சர்" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன்.

மழை பெய்து பத்தாம் நாள் கடிதம் வந்தது. கணவரின் கையெழுத்து. டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து எனக்கும் கேட்கும்படி படித்தார். நடுக்கடலில் காற்று செத்துப்போய் மூன்று வாரம் தோணி நகரவில்லையாம். குடிதண்ணீர்ப் பீப்பாய்கள் காலி. கடைசியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர், பிறகு அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் மழை கொட்டியிருக்கிறது. பாயை விரித்துப் பிடித்துக் குடித்தார்களாம். மழையோடு அங்கே எழுந்த மேற்குக் காற்றில்தான் கரை சேர்ந்தார்களாம். எல்லோரும் சுகம்.

டீச்சர் கடிதத்தை மடித்தார். "ஒன்பது நாளும் என் வாய்தான் மழையைக் கேட்டுச்சு. மனசு பூரா, பெய்யக்கூடாது மாதாவே, பெய்யக்கூடாதுன்னுதான் கிடந்துச்சு. மனசு கேட்டது நடந்திருந்தா அவுக இந்நேரம்..." என்று நிறுத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க பருத்திக் காட்டுக்கு எதிரால்லா கேட்டிருக்கேன். என்ன மன்னிச்சிரு பிள்ளே."

அன்று நான் இருந்த வயதில் இன்று எனக்குப் பேத்திகள் இருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் வாய் தவறிப் பேசியதற்காக எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியதை அவர் என்னிடம் கேட்டபோது, பெரிய மனசு பண்ணி, "பரவால்லைங்க டீச்சர்" என்று மன்னித்துவிட்டேன்.