ஏழு மில்லிமீட்டர்

அந்த மலையூர் குடிக்கிற தண்ணீர் முழுக்க ஓர் ஏரியிலிருந்து வருகிறது. ஏரியின் அடியில் பெரிய குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். வாயை மூடி ஓர் இரும்புக் கம்பி வலை. அதில் மரக்கிளையும் பாலித்தீன் பையும் அடைத்துக்கொண்டால், ஊரில் பாதிக் குழாய்களில் காற்றுதான் வரும். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கீழே போய் அதைச் சுத்தம் செய்ய, குடிநீர் அலுவலகத்தில் இரண்டே பேர். ஒருவர் நெட்டையண்ணன். இன்னொருத்தி மீன்கொத்தி. அவள் தண்ணீருக்குள் பாய்கிற விதத்தைப் பார்த்து அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தார். அந்த வேலையில் அவளுக்குப் பதினோரு வருஷம். எப்போதும் மூக்கு நுனியில் கோபம் என்று அலுவலகத்தில் அவளைப் பற்றிச் சொல்வார்கள். எதனால் கோபம் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

கோபம் அவள் முக்குளிக்கப் போடுகிற ரப்பர் உடையால், அந்த வெட்சூட்டால் வந்தது. ஆண்களுக்கு வெட்டித் தைத்த சூட். இடுப்பில் இறுக்கினால் தோளில் தொளதொளக்கும்; முதுகுப் பள்ளத்தில் ஒரு முஷ்டி தாராளமாகப் போகும். வெட்சூட் தண்ணீரை உள்ளே விடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிசாகக் கொஞ்சம் தண்ணீர் புகும். அது வெளியே போகாமல் நின்றால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். அதுதான் குளிரைத் தாங்கும். சூட் தொளதொளப்பாக இருந்தால், கையை அசைக்கிற ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீர் வெளியேறி, பச்சைத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகெலும்பில் ஓடும். குளிர்காலத்தில் அந்த ஏரியின் அடியில் எட்டு டிகிரி.

தன் அளவுக்கு ஒரு சூட் கேட்டு நான்கு தடவை மனுக் கொடுத்தாள். கொள்முதல் அதிகாரி நான்கு தடவையும் ஒரே பதிலை எழுதினார்: சூட்டின் தடிமன் ஏழு மில்லிமீட்டர், விதிப்படி போதுமானது. மனிதர் ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வீட்டில் பாத்திரங்கள் நொறுங்காத குறை. பஸ் ஓட்டுகிற அவள் கணவன் பாத்திரச் சத்தத்தை வைத்தே அன்று ஏரியில் இறங்கினாளா இல்லையா என்று சொல்லிவிடுவான்.

அந்த வருஷம் குளிர்காலத்தில், ஒரு பெருமழைக்குப் பிறகு வலையில் ஒரு முழு மரமே வந்து சிக்கியது. இருபதாவது நிமிஷத்தில் அவள் விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ரம்பம் நழுவி விழுந்தது. விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நலமா என்று அண்ணன் கையால் சைகை காட்டினார். பதிலுக்கு விரலை வளைக்க முடியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார். உதடு நீலம், சொல்ல வந்த வார்த்தை வாயிலேயே குழறிப்போனது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

மூன்றாம் நாள் ஓர் அறிக்கையின் நகல் வந்தது. ஊழியரின் உடல் குளிருக்கு ஏற்றதல்ல, ஆகவே மீட்டர் கணக்கெடுக்கும் பிரிவுக்கு மாற்றலாம் என்று கொள்முதல் அதிகாரி எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பாத்திரம் எதையும் உருட்டவில்லை. கணவன் அதற்குத்தான் பயந்தான்.

மறுநாள் டைவிங் சாமான் விற்கிற கடைக்குப் போனாள். கடைக்காரி ஒரு காலத்தில் முக்குளித்தவள். மூன்று மணி நேரம் ஒன்றை மாட்டி ஒன்றைக் கழற்றினாள் மீன்கொத்தி. ஒன்று அக்குளில் காற்றுப்பை மாதிரி உப்பியது. இன்னொன்று குந்தினால் கழுத்தை நெரித்தது. ஐந்தாவதை மாட்டுவதற்கே மூச்சு வாங்கியது. மாட்டியபின் இன்னொரு தோல் போல ஒட்டிக்கொண்டது. முதுகில் விரல் நுழையவில்லை. மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து மூன்றும் கச்சிதம். ஜிப்புக்குப் பின்னால் தண்ணீரைத் தடுக்க ஒரு மடிப்பு, தலையை மூடத் தனிக் குல்லாய். உட்புறம் இருந்த எண்ணைக் கடைக்காரி காட்டினாள். அதே ஏழு மில்லிமீட்டர். மீன்கொத்திக்கு அங்கேயே கண் கலங்கியது. ஆத்திரத்தில்தான்.

அவளை மாற்றுவதா வேண்டாமா என்ற விசாரணை ஏரிக்கரைக் கொட்டகையில் நடந்தது. தலைமைப் பொறியாளரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். கொள்முதல் அதிகாரி அறிக்கையை வாசித்து முடித்துவிட்டு, ஏழு மில்லிமீட்டர் என்றால் ஏழு மில்லிமீட்டர்தான், அதைப் போட்டுக்கொண்டு ஏரியில் தானே நிற்கத் தயார் என்று வாயை விட்டார்.

"அப்ப நில்லுங்க சார்," என்றாள் மீன்கொத்தி.

அவள் நெட்டையண்ணனின் சூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுவும் ஏழுதான். என்னோடது எனக்கு எவ்வளவு பெருசோ, இது உங்களுக்கு அவ்வளவு பெருசு. நான் இருபது நிமிஷம் இருந்தேன். நீங்க பத்து நிமிஷம் இருந்தா போதும்."

அவர் பொறியாளரம்மாவைப் பார்த்தார். பொறியாளரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

படித்துறையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றார் அதிகாரி. கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, வேலை செய்கிற மாதிரி அசைக்கணும் என்றாள் அவள். அசைத்தார். முதல் நிமிஷம் சிரித்தார். இரண்டாவது நிமிஷம் சிரிப்பு நின்றது. மூன்றில் பல் தந்தியடித்தது. நான்காவது நிமிஷத்தில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். போர்வையும் சுடச்சுடத் தேநீரும் கொடுத்தார்கள். ஆற அமரச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தாள், சிரிப்பு வரவில்லை.

அவளே தேர்ந்தெடுத்த சூட்டை வாங்க ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. இனி தண்ணீரில் இறங்குகிறவர்கள் போட்டுப் பார்த்துத்தான் சூட் வாங்கவேண்டும் என்று பொறியாளரம்மா தனியாக எழுதினார். அண்ணன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

"அதான் ஜெயிச்சுட்டியே. இன்னும் ஏன் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"என் உடம்பு லாயக்கில்லன்னு எழுதினது இன்னும் ஃபைல்ல இருக்குண்ணே."

நேராக அதிகாரியின் மேஜைக்குப் போனாள். எழுதினதை அழிக்க விதியில்லை, வேண்டுமானால் அதன்கீழ் ஒரு குறிப்புச் சேர்க்கலாம் என்றார் அவர். சேருங்கள் என்றாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. அவர் எழுதி வாசித்துக் காட்டினார்: உடை பொருந்தாததால் ஊழியர் பாதிக்கப்பட்டார்.

"யார் குடுத்த உடை, சார்?"

அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பிறகு அடித்துவிட்டு எழுதினார்: அலுவலகம் வழங்கிய உடை பொருந்தாததால். அவள் வாங்கி ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள். தேதி போடச் சொன்னாள். போட்டார். கையெழுத்து போடச் சொன்னாள். அதையும் போட்டார்.

திங்கட்கிழமை புது சூட்டைப் போட்டுக்கொண்டு மிச்ச மரத்தை அறுக்க இறங்கினாள். நாற்பது நிமிஷம் கீழே இருந்தாள்.