ஆறும் மூன்றும் கையிலிருக்க ஏன் பிரித்தாய், கைலாயம்?

கைலாயம் போய்விட்டான். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்...

ஒரே ஹோட்டல் கிச்சனில் வருஷக்கணக்காக என்னோடு கோப்பை கழுவியவன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் போய்விட்டான்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் போனுக்குச் சொல்ல, அது எழுதுகிறது. பிழை இருந்தால் போனோடு சண்டை பிடியுங்கள்.

மொன்றியலில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் "நல்ல மனுசன், நல்ல மனுசன்" என்று போனில் எழுதிப் போடுகிறார்களாம். மகள் வாசித்துச் சொன்னாள். நல்ல மனுசன்தானா என்பது எனக்கே இன்னும் தெரியாது. உங்களுக்கு எப்படி இவ்வளவு கெதியாகத் தெரிந்தது?

எங்கள் கிச்சனில் ஒரு சீனச் சமையல்காரர் இருந்தார். பாய் கௌ என்ற விளையாட்டைப் பிரேக் நேரத்தில் எங்கள் இருவருக்கும் காட்டித் தந்தவர் அவர்தான். டொமினோ மாதிரிக் கறுப்புக் கட்டைகள், புள்ளி வைத்தவை. ஆளுக்கு நாலு கட்டை. அதை இரண்டிரண்டாகப் பிரித்து, பெரிய கை ஒன்று, சின்னக் கை ஒன்று என்று வைக்கவேண்டும்.

இரண்டு கையும் வென்றால்தான் வெற்றி. ஒன்று வென்று ஒன்று தோற்றால் யாருக்கும் ஒன்றுமில்லை, காசு வைத்த இடத்திலேயே இருக்கும்.

எழுத்துத் தெரியாத எனக்குப் புள்ளி தெரிந்தது. பிறகென்ன... லீவு நாளில் மெட்ரோ, பஸ், காசினோ.

அங்கே விளையாடுகிறவர்களும் முறை வந்தால் பாங்க் பிடிக்கலாம். அதாவது, மேசையில் மற்ற எல்லோரும் அந்த ஆளோடு மோதவேண்டும். சமன் வந்தால் பாங்க் பிடித்தவனுக்குத்தான் வெற்றி. அந்தச் சட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. கைலாயம் பாங்க் பிடித்தால் நான் காசை எடுத்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

"என்ன அண்ணை, என்னை நம்பமாட்டியளோ?"

"உன்னை நம்புவன். உன்ரை கட்டையைத்தான் நம்பமாட்டன்."

"காசினோக்காரனை நம்புவியள், பக்கத்து ஊர்க்காரனை நம்பமாட்டியள். நல்ல நியாயம்!"

சிரிப்பான். நான் சிரிப்பதில்லை.

பிறகு கிச்சனில் ஆட்களைக் குறைக்கும் காலம் வந்தது. கோப்பை கழுவ ஒருவர் போதுமாம். எனக்கு பிரெஞ்சு வராது, அவனுக்கு வரும். ஒருநாள் பின்கதவடியில் அவனும் கிச்சனை நடத்துகிற செஃபும் நெடுநேரம் பிரெஞ்சில் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு விளங்கியது என் பெயர் மட்டும்தான். அது திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த கிழமை வேலை போனது எனக்கு.

"என்னடா கதைச்சனி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அண்ணை, சும்மா" என்றான். அந்த செஃப் யாரோடும் சும்மா பேசுகிற ஆள் இல்லை.

ஆனாலும் காசினோவுக்குச் சேர்ந்துதான் போனோம். அப்படிப்பட்டவனைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கவேண்டாமா?

அப்படிப் போன ஒருநாள் அவன் பாங்க் பிடித்தான். நான் காசை எடுக்கவில்லை. வேலை போன மனுசன் வைக்கக் கூடாத காசு... கோபத்தில் வைத்தேன்.

கட்டைகளைத் திறந்தார்கள். அவனிடம் ஆறு புள்ளிக் கட்டையும் மூன்று புள்ளிக் கட்டையும்.

பார்த்தால் ஒன்றுக்கொன்று சேராத கட்டைகள். ஆனால் சேர்த்து வைத்தால் அந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய சோடி இல்லை. புதிதாக வந்தவன்தான் தெரியாமல் பிரிப்பான். கைலாயம் ஒன்றைப் பெரிய கையிலும் மற்றதைச் சின்னக் கையிலும் வைத்திருந்தான்!

சேர்த்து வைத்திருந்தால் அவனுக்குத் தோல்வியே இல்லை. பிரித்தபடியால் இரண்டு கையும் என்னிடம் தோற்றான். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி "ச்சு" என்று நாக்கைத் தட்டி, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

எனக்காகத் தோற்றானா? தோற்றால் அவனுக்கு என்ன லாபம்?

அவனுடைய மச்சான் அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தான். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மெண்ட் சும்மா கிடந்தது. விளங்கிவிட்டது... மச்சானுக்கு அதைக் கேட்கப்போகிறான்!

எல்லோரும் வீடு மாறுகிற ஜூலை மாதம் அது. செயின்ட்-மிஷேல் தெருவோரமெல்லாம் பழைய சோபா. ஒரு வாடகை வானைப் பிடித்து, கண்டதையெல்லாம் ஏற்றி வந்து பேஸ்மெண்டை நிரப்பினேன்.

வந்தான். எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணை, சோபாக் கடை போடப்போறியளோ?"

கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. மச்சானுக்கு எங்கேயோ ரூம் எடுத்துக் கொடுத்தான்.

அப்படியென்றால், செஃபிடம் என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டு அதற்காகத்தான் தோற்றுக் காட்டினானா? இல்லை, எனக்காக மன்றாடிப் பார்த்து, அது சரிவராமல் போனதால் தோற்றானா?

இதை இத்தனை வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்...

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் நேரே கேட்டேன்.

"அண்டைக்கு ஆறையும் மூண்டையும் ஏன் பிரிச்சனி?"

"கவனிக்கேல்லை அண்ணை."

"நீயோ? கட்டையைப் பாக்காமலே பெருவிரலாலை தடவிச் சொல்லுற நீயோ கவனிக்கேல்லை?"

கண்ணை மூடிக்கொண்டான். நான் விடவில்லை.

"செஃபிட்டை என்னைப் பற்றி என்ன சொன்னனி?"

கண்ணைத் திறந்து பார்த்தான். "சொன்னா, பிறகும் என்னைப் பாக்க வருவியளோ அண்ணை?"

"அது நீ சொல்லுறதைப் பொறுத்தது."

"அப்ப சனிக்கிழமை வாங்கோ. சொல்லுறன்."

வியாழனே போய்விட்டான். தெரிந்துதான் சனிக்கிழமை என்று சொன்னானோ...

சனிக்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறார்களாம்.

வாறன், கைலாயம்.