சோறு போட்டுக் கூட்டிப்போனவர்

என் நாவல் பதினோராம் அத்தியாயத்தோடு நின்றுபோன காரணத்தை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்கிறவர்களிடம் முதுகுவலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

இனிமேல் வரப்போகும் ஒரு காலத்தைப் பற்றிய நாவல் அது. அந்த நாட்டில் தண்ணீர் முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தம். அருவிகளைச் சுற்றி மதில் எழுப்பிக் காவல் போட்டிருப்பார்கள். யாராவது தண்ணீர் திருடினால் அதே வீட்டில் இருப்பவர்தான் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மதில் காவலன் ஒருவனின் மனைவி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காக ஒரு குடம் தண்ணீர் எடுத்துவிடுகிறாள். அவனுக்கு அவள் என்றால் உயிர். அவன் என்ன செய்வான் என்பதுதான் கதை.

என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் மெயினருவியில் விசிலும் கையுமாக நிற்பார். தென்காசியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, டீ ஆறுவது தெரியாமல், அதுவரை எழுதியிருந்த பத்து அத்தியாயத்தையும் படித்தார்.

"அருவிக்குச் செவரு கட்டுவாங்களாக்கும். நாங்க கயிறு கட்டுனாலே தாண்டிட்டு வாரானுவ" என்று சிரித்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா அவன் சொல்லித்தான் ஆவணும்."

"பொண்டாட்டியையா?"

"யாரா இருந்தா என்ன? பிரியம் வேற, இது வேறட்டி."

"பச்சப்புள்ளைக்குத் தண்ணி எடுத்தது ஒரு குத்தமா? அது சட்டமா?"

"சட்டம் தப்புன்னா மாத்தச் சொல்லு. ஆளாளுக்கு ஒண்ணு நெனச்சுக்கிட்டு நடந்தா ஊரு என்னத்துக்கு ஆவும்?"

அந்த நாட்களில் இதை வைத்தே தினமும் சண்டை போட்டோம். எனக்கு அது பிடித்திருந்தது. வசனம் சும்மா கிடைக்கிறதே என்று அவர் சொன்னதில் பாதியைக் காவலன் வாயில் போட்டுக்கொண்டேன்.

சாரல் விடாமல் அடித்த ஒரு காலையில் என் தம்பி பின்வாசல் வழியாக வந்தான். அம்மா சாகும்போது அவன் சின்னப் பையன். குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி நான் வளர்த்தவன். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று விடியற்காலை திரும்பி வரும்போது, புளியறை தாண்டி, சைக்கிளில் வந்த ஒருவரை இடித்திருக்கிறான்.

"எறங்கிப் பாத்தியாலே?" என்று கேட்டேன்.

"பயமா இருந்துச்சுக்கா."

நியாயம் அநியாயம் பற்றிப் பத்து அத்தியாயம் எழுதியவள் நான். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: யாரும் பார்த்திருக்கக் கூடாது. துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்லி அவனை உள்ளறையில் படுக்கவைத்தேன்.

அருவியில் வெள்ளம் வந்து ஆட்களை வெளியேற்றியதால் மத்தியானம் அவர் சாப்பிட வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே, "முக்குல மாப்ள வண்டி நிக்கி. முன் லைட் ஒடஞ்சிருக்கு" என்றார். புளியறைச் செய்தி அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து எனக்குப் பழக்கமில்லை, அவரிடம் அது பலிக்கவும் செய்யாது.

அவர் கைகால் கழுவிவிட்டு உள்ளறைப் பக்கம் பார்த்து, "மாப்ள, வா, சாப்பிடு" என்று கூப்பிட்டார். என்னிடமிருந்து கரண்டியை வாங்கி அவரே சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். தம்பி போதும் என்று கையை மறித்தபோது அதையும் விலக்கி இன்னொரு கரண்டி வைத்தார்.

எங்கள் பக்கத்தில் பகை உள்ள வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். ஒருவன் கை நனைத்துவிட்டால் பிறகு அந்த வீட்டார் அவனை விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். அந்தக் கணக்கில்தான் எனக்கு உயிர் வந்தது. தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற சாக்கில் குனிந்து தம்பியின் காதில், "அத்தான் பாத்துக்கிடுவாரு, நல்லா சாப்பிடு" என்றேன். அவனும் நம்பிச் சாப்பிட்டான்.

அவன் கை கழுவி வந்ததும் அவர் தன்னுடைய காய்ந்த சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "போட்டுக்கோ. ஸ்டேஷனுக்குப் போவோம்."

நான் வாசலை மறித்து நின்றேன். அழுதேன், கெஞ்சினேன், என்னென்னவோ சொன்னேன்.

"அங்கன ரோட்டுல கெடந்தவருக்கும் ஒரு அக்கா இருப்பால்லா" என்றார். கோபமே இல்லை. என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தி நிறுத்தினார். தம்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். இருந்த ஒரே மழைக்கோட்டை அவனுக்குப் போட்டுவிட்டு, இவர் நனைந்துகொண்டே பைக்கைக் கிளப்பினார்.

சைக்கிளில் வந்தவர் அன்று சாயந்திரமே இறந்துபோனார். தம்பி இப்போது ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கெல்லாம் இவர்தான் கூடப் போகிறார், புரோட்டா வாங்கிக் கொடுக்கிறார். அவன் இவரிடம் பேசுகிறான். என் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி. அவர் செய்தது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வழியில்லை. சரி என்று சொல்லவும் மனசு ஒப்பவில்லை. அவரை வெறுக்க முயன்று அதிலும் தோற்றேன்.

அந்த ஆத்திரத்தில்தான் பதினோராம் அத்தியாயத்தை எழுதினேன். காவலன் விடிந்ததும் மனைவியைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போகிறான். குத்தட்டும் என்றே அவரிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்து முடித்தார்.

"என்னட்டி, பசியோடயா கூட்டிட்டுப் போறான்? சோறு போட்டுல்லா கூட்டிட்டுப் போவணும். உள்ள போனா எப்பக் கெடைக்குமோ, என்னமோ" என்றார். கிண்டல் இல்லை. காவலன் மேல் அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

எனக்குத் தாங்கவில்லை. "தம்பி எடத்துல நான் இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. உன்னைக் கூட்டிப்போயிருக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது.

எழுந்துபோய்ச் சோற்றுப்பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் கேட்கிற கேள்விதான், அதே குரல்தான்.

"நீ சாப்ட்டியாட்டி?"

"சாப்பிட்டேன்" என்றேன். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.