ஸ்பேனர் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்

தையல் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்பேனர் அக்காதான். அந்த நீளமான கூடத்தில் வரிசை வரிசையாக மெஷின்கள் இரைந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒன்று சண்டித்தனம் செய்தால் தைக்கிறவள் கையைத் தூக்குவாள். அக்கா இடுப்புப் பையோடு வந்து நிற்பாள். வந்ததும் முதல் வேலை, அந்தப் பெண்ணை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவது.

"நீ போய் டீ குடிச்சுட்டு வா. நான் இதுகிட்ட தனியா பேசிக்கிறேன்."

ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் 'நான் ஒண்ணும் பண்ணலக்கா, அதுவா நின்னுபோச்சு' என்ற புலம்பல்தான் கேட்கும், பழுது கேட்காது என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பாள். ஊசி என்றால் ஊசி மட்டும், பெல்ட் என்றால் பெல்ட் மட்டும். நாலையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டு 'சரியாயிடுச்சு' என்று மார்தட்டுகிற மெக்கானிக்குகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

அவளும் ஒரு காலத்தில் தைக்கிறவளாகத்தான் உள்ளே வந்தாள். அப்போது இருந்த மெக்கானிக் பாதி நேரம் சிகரெட்டும் கையுமாக வாசலில் நிற்பார். காத்திருந்து காத்திருந்து பொறுமை போய், ஒருநாள் கத்தரிக்கோல் முனையாலேயே மெஷினைத் திறந்து சரிசெய்துவிட்டாள். அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் மேனேஜரே அவளைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். திட்டியதும் அதே மேனேஜர்தான் என்பதை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை, அவரையும் மறக்கவிடவில்லை.

அவள் கணவர் இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளர். ஆணி வாங்க வந்தவரிடம் கதவையே விற்றுவிடுகிற வாய் அவருக்கு. தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் காது மரத்துப்போய் அவள் வீடு திரும்பினால், இவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். யார் வந்தார்கள், எதற்குப் பேரம் பேசினார்கள், முதலாளி முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்று சாப்பிட்டுக் கைகழுவும் வரை நிற்காது. "கொஞ்சம் வாய மூடுங்களேன், காது வலிக்குது" என்பாள் அவள். சும்மா சொல்வதுதான். அவர் மூடிக்கொண்டால், "ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்பவளும் அவளேதான்.

அந்த வாய்தான் ஒருநாள் காலையில் நின்றுபோனது. கடையில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், அதோடு பேச்சும். சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தவை 'நான்', 'இல்ல' என்ற இரண்டு சொற்கள்தான்.

அவள் ஆலையில் பேசி அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டாள். காலையில், ஆஸ்பத்திரிப் பயிற்சியாளர் காட்டிக்கொடுத்தபடி, கணவரின் வலது காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். அது கல் மாதிரிக் கிடக்கும். அவரோ, அது வேறு யாருடைய காலோ என்பதுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேச்சுக்கென்று பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். அவள் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சியையும் போட்டுக் கொடுத்தாள். திரையில் ஒரு படம் வரும். பார்த்து அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பச்சை விளக்கு எரியும். இடது கையால் ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த படம். கம்ப்யூட்டர், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விட்டுப்போன பழசு. மேசைக்கு அடியில் வலது பக்கம் அதன் பெட்டியை வைத்திருந்தார்கள்.

முதலில் நன்றாகத்தான் போனது. 'தண்ணி' வந்தது. 'சட்டை' வந்தது. 'கதவு' வந்த அன்று, அவர் கதவைப் பார்க்கிறபோதெல்லாம் 'கதவு, கதவு' என்று சொல்லி வீட்டையே சிரிக்கவைத்தார். அதன்பிறகுதான் வந்தது வினை.

நடுவில், அவர் ஒரு சொல்லுக்காக முக்கிக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. கொஞ்ச நேரத்தில் கருத்துப்போய்த் தானாகவே திரும்பத் தொடங்கும். சில சமயம் அதுவும் நடக்காது. அவர் பாடுபட்டுச் சொன்ன சொற்களின் பதிவெல்லாம் போயே போய்விடும். ஒருதரம் இருதரம் என்றால் பொறுக்கலாம். தினமும் இதே கதை.

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "நான்" என்றார்.

"நீங்க இல்லைங்க. டப்பா பழசு."

"நான்," என்றார் மறுபடியும். கண் கலங்கியிருந்தது. அடுத்த நாளிலிருந்து மேசைப் பக்கமே வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். பேசுவதும் நின்றது. கதவைப் பார்த்தாலும் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சி கொடுத்த பெண் வெளிப்படையாகவே சொன்னாள். "இப்பதாம்மா பேச்சு ஊறி வர்ற நேரம். இப்ப விட்டுட்டா திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

மகள் போனில், "அம்மா, நான் புதுசே வாங்கி அனுப்பிடறேன்," என்றாள்.

"ஒண்ணும் வேணாம். புதுசு வந்துச்சுன்னா பழச அவர்தான் கெடுத்தாருன்னு அவரே முடிவு கட்டிடுவாரு. அப்புறம் அதையும் தொடமாட்டாரு. எதனால நிக்குதுன்னு நான் கண்டுபிடிச்சு அவர் கண்ணு முன்னால காட்டணும்."

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதேம்மா."

"மெஷின் தெரியும்ல? அது போதும்."

இப்படிப் பேசுகிறவளிடம் யார் வாதாடுவது? மகள் போனிலேயே வழி சொன்னாள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினார்கள், இல்லை. வேண்டாததையெல்லாம் அழித்தார்கள், புதிதாக ஏற்ற வேண்டியதை ஏற்றினார்கள். ஆலையிலிருந்து காற்றடிக்கும் கருவியைக் கேட்டு வாங்கி வந்து, பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த தூசியை ஊதித் தள்ளினாள். தும்மித் தும்மியே மூக்கு சிவந்துபோனது. மின்விசிறி ஒழுங்காகச் சுற்றியது. தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை. மின் இணைப்புப் பலகையை மாற்றினாள். மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினாள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் கணவரைச் சக்கர நாற்காலியோடு ஹாலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் உட்கார்வாள். அவள் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் சமர்த்தாக ஓடும். சரி, தீர்ந்தது சனியன் என்று அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைப்பாள். பத்தாவது படம் வருவதற்குள் நின்றுபோகும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைக் கம்ப்யூட்டர் கடைக்கே தூக்கிப் போனாள். கடைக்காரத் தம்பி அதை ஒரு முழுப் பகல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"அக்கா, இதுல ஒரு குறையும் இல்ல. கல்லு மாதிரி ஓடுது. சார் ஏதாச்சும் மாத்தி அமுக்கிடறாரோ என்னவோ."

அவளுக்குச் சுருக்கென்றது. அவனிடம் முகத்தைக் காட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அதே யோசனை. மாற்றி அமுக்குவதற்கு அவர் கையில் இருப்பது ஒரே ஒரு பட்டன். அதை அவள் ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டிப் பார்த்தாயிற்று. அப்படியானால் அவர் அமுக்குவதில் தப்பில்லை. ஆனால் அவர் உட்கார்ந்தால்தான் நிற்கிறது என்பதும் பொய்யில்லை. இவ்வளவு நாளும் அவரை ஹாலில் விட்டுவிட்டு மெஷினை மட்டும் பார்த்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் இல்லாத நேரத்தில் வராத பழுதை, அவர் இல்லாத நேரத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்? இத்தனை வருஷ சர்வீஸில் தன்னை இப்படி ஒரு டப்பா ஏமாற்றியதில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு வேலை நன்றாக ஓடும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பழைய இடத்திலேயே, பழையபடியே வைத்தாள். ஒரு விரற்கடை கூட நகர்த்தவில்லை. பிறகு ஹாலுக்குப் போய்க் கணவர் எதிரே குனிந்து நின்றாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீங்க. இந்தக் கம்ப்யூட்டர் இப்ப கெட்டுப்போகணும். நான் உட்காந்தா கெடமாட்டேங்குது. கடைக்காரன் உட்காந்தும் கெடல. உங்களாலதான் முடியும். வந்து கெடுத்துக் குடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எத்தனையோ நாளைக்கப்புறம், வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார். அவளுக்கு அந்தக் கோணல் சிரிப்பே போதும் போலிருந்தது. ஆனால் வேலை இருந்தது.

நாற்காலியை மேசைக்குள் தள்ளி, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். வழக்கமாக அவர் பின்னால் நின்று திரையைப் பார்ப்பாள். பயிற்சிப் பெண்ணும் அப்படித்தான், மகளும் வந்திருந்தபோது அப்படித்தான். படம் அங்கேதானே வருகிறது! இந்தத் தடவை அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன அதிர்கிறது, எது இரைகிறது என்று கவனித்தாள். முட்டி வலித்தது. தலை மேசையில் இடித்தது. "ஆரம்பிங்க," என்று கத்தினாள்.

மேலே 'தண்ணி' வந்தது. 'சட்டை' கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"என்ன படங்க?"

"சு..." என்றார். மறுபடியும், "சு... சு..." சுத்தியல். காலமெல்லாம் கடையில் அவர் விற்ற சாமான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அது வாய் வரைக்கும் வந்துவிட்டு வெளியே வராமல் அவரைப் படாதபாடு படுத்தியது. மேசைப் பலகையை இடது கையால் ஓங்கி அடித்தார். "சு... சுத்..."

அவள் உள்ளங்கைக்குக் கீழே பெட்டி 'தம்' என்று அதிர்ந்தது.

டார்ச்சைத் திருப்பினாள். கம்பளிச் சாக்ஸ் போட்ட அவரது வலது கால், பாதப்பலகையை விட்டு முன்னால் நீண்டு, பெட்டியின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை உதைத்தது. மேலே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்பது அவர் மூச்சிலிருந்தே தெரிந்தது.

அவள் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் கல் மாதிரிக் கிடக்கிற அதே கால்தான். வெளியே வரவேண்டும் என்று தோன்றவில்லை. மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள். எது எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. அவர் பயந்துபோய், "இல்ல, இல்ல" என்று குனிந்து பார்க்க முயன்றார்.

"நீங்கதாங்க!" என்றாள் அவள் கீழேயிருந்து. "நீங்களேதான். இந்தக் காலு உதைக்குதுங்க! வாய் திணறுனா காலு உதைக்குது!"

நாற்காலியைப் பின்னால் இழுத்து அவருக்குக் காட்டினாள். அவர் முதல் தடவையாக, ஜன்னல் பக்கம் திரும்பாமல், அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் பெட்டியைத் திறந்தாள். தகவலைச் சேர்த்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கில் மாட்டியிருந்த கேபிளின் நுனியில், பிடித்துக்கொள்கிற கொக்கி உடைந்திருந்தது. சும்மா இருந்தால் நிற்கும், இடிபட்டால் நழுவும். கடைக்காரத் தம்பியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன், "அக்கா, நான் சொன்னது தப்புக்கா," என்று புதுக் கேபிளோடு அவனே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டு, சாரின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

கால் பயிற்சி காட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரிப் பயிற்சியாளரையும் போனில் கூப்பிட்டாள். அவர் நிதானமான ஆள். "ஏதோ ஒண்ணுக்கு முக்கும்போது தானா வர்ற அசைவும்மா அது. நாளைக்கே நடந்துடுவாருன்னு எண்ணிடாதீங்க," என்றார். "ஆனா நல்ல சேதி. அவரையே மனசு வச்சு உதைக்கச் சொல்லிப் பாருங்க. நாளைக்கு நானும் வந்து பாக்கறேன்."

சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பவும் சொன்னாள். அவர் முகம் சிவக்க முயன்றார். ஒன்றுமில்லை. "பரவால்லீங்க, காலையில பாக்கலாம்," என்று அவள் எழுந்தபோது அவர் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். மறுபடி முயன்றார். சாக்ஸுக்குள் கட்டைவிரல் மெதுவாக மேலே எழுந்து அடங்கியது. அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அது தாராளமாகப் போதுமாக இருந்தது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அம்மா, எதனாலன்னு தெரிஞ்சுதா? யாரு கெடுத்தது?"

அவள் ஸ்பீக்கரில் போட்டுப் போனைக் கணவர் முன்னால் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், ஒரு பெரிய மூச்சை இழுத்து விட்டார்.

"நான்," என்றார். நிறுத்தினார். அந்தப் பக்கம் மகளும் மூச்சுவிடாமல் காத்திருந்தாள்.

"நான்... உதைச்சேன்."

முழு வாக்கியம். இந்தத் தடவை நெஞ்சில் கை வைத்துக்கொண்டது பெருமையில்.