பதிமூன்றாவது மைல்

தெல்மா ப்ரௌட்லவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஷ்ராப்ஷயர் மாவட்டப் பழைய கார் கிளப்பில் அவளைத் தெரியாதவர் கிடையாது. ஸ்டியரிங் புருஷன் நாரிஸிடம், மற்றதெல்லாம் இவளிடம். மடியில் வரைபடமும் கையில் நிறுத்துக் கடிகாரமுமாக இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, எங்கே திரும்புவது, எவ்வளவு வேகத்தில் போவது, எத்தனை விநாடி பிந்தியிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வருவாள். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவள். நேரமே அவளுக்குக் கொஞ்சம் பயப்படும்.

கிளப் நடத்தும் பந்தயத்தில் முந்துகிறவன் ஜெயிப்பதில்லை. சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேலியோரம் மழைக்கோட்டோடு ஒளிந்திருக்கும் கிளப் ஆள் நேரம் குறிப்பார். ஒரு விநாடி முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று ஊரில் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அவர்களுடையது அறுபதுகளில் செய்த பச்சை நிறக் கார். இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. நாரிஸ் எஞ்சினை முறுக்கேற்றி வைத்திருந்தான். அந்த முறுக்கை அந்தக் காலத்து டிஃபரென்ஷியல் தாங்கவில்லை. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெட்டிக்குள் போன இலையுதிர் காலத்தில் மூன்றாவது தடவையாகப் பல் உடைந்து, வேல்ஸ் எல்லை மேட்டில் மழையில் நின்றார்கள். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க நாரிஸ் கராஜே கதியென்று கிடந்தான். உடைத்துப்போட்ட ஒரு ஜப்பான் காரிலிருந்து முரட்டு டிஃபரென்ஷியல் ஒன்றை வாங்கி வந்தான். அதைத் தாங்கச் சட்டத்தை வெட்டி ஒட்டினான். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் புதுத் தண்டு செய்யக் கொடுத்தான்.

கிளப்பில் நாரிஸின் நண்பன் மெல்வின் விடுவானா? காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "உனக்கு இடுப்பு மூட்டு மாத்தினதோட விடாம வண்டிக்கும் மாத்திட்டியாடா?" என்றான்.

"ரெண்டும் இனி உடையாது. நீ உன் முட்டிய பாத்துக்கோ," என்றான் நாரிஸ்.

வசந்தத்தில் முதல் பந்தயம். புறப்படும் இடத்தில், மைல் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள அளந்த சாலை ஒன்றைக் காட்டுவார்கள். எல்லோரும் போய்ச் சரிபார்ப்பார்கள், இவர்கள் மட்டும் போக மாட்டார்கள். "எங்க மீட்டருக்குப் பரீட்சையா?" என்று தெல்மா பன்றிக்கறி ரொட்டி வாங்கப் போய்விடுவாள். அன்றும் போனாள்.

அன்றைக்கு எல்லாமே தப்பாய்ப் போயிற்று. நேரம் குறிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். "இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருப்பங்கள் ஓடிப் போயின. அடுத்த பந்தயத்திலும் அதே கதை. பட்டியலில் அவர்களுக்குக் கீழே இருந்தது வழி தப்பி வேறு ஊருக்கே போய்விட்ட ஒரு ஜோடி மட்டும்தான்.

நாரிஸ் திட்டியிருந்தால் அவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. காருக்குள் அவர்கள் போடும் சண்டை அப்படி. மெல்வின் அதைக் கேட்பதற்காகவே பின்னால் வருவான். ஆனால் அன்று ஒரு திருப்பம் தவறியதும் நாரிஸ் வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்து, "பரவாயில்ல செல்லம், அவசரமே இல்ல," என்றான்.

தெல்மா கடிகாரத்தை விட்டு அவனையே பார்த்தாள். இந்த மனுஷன் காருக்குள் செல்லம் என்று சொன்னதே கிடையாது.

அவளுடைய அம்மாவுக்கு இதே வயதில்தான் புத்தி தடுமாறத் தொடங்கியது. கடைசியில் பெற்ற பெண்ணைப் பார்த்தே "நீங்க யாரு, நர்ஸா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி தெல்மாவை விட்டுப் போனதே இல்லை. அதனால் பாத்திரம் கழுவும்போதெல்லாம், தான் அட்டவணை போட்ட லட்லோ பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் தவறவில்லை. அப்படியானால் காரில் மட்டும் ஏன்? ஒருநாள் சாப்பிடும்போது நாரிஸ் தட்டைப் பார்த்தபடியே, "சும்மா ஒரு தடவ டாக்டரப் பாத்துட்டு வரலாமா, ரெண்டு பேரும்?" என்றான். ரெண்டு பேரும் என்றதில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. மே மாதப் பந்தயம் முடியட்டும், அதற்குப் பிறகு இந்த இருக்கையில் வேறு யாராவது உட்காரட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

மே மாதப் பந்தயத்தில் காலை முழுவதும் மறுபடி முந்தினார்கள். மதிய இடைவேளையில், தேவாலயக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கையில் பன்றிக்கறி ரொட்டியை வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். நீளமான பாதையில் நிறைய முந்தினோம். குட்டைப் பாதையில் கொஞ்சம்தான். பிந்தியதோ ஒரு தடவைகூட இல்லை.

அம்மாவின் தடுமாற்றம் இப்படியா இருந்தது? ஒருநாள் சர்க்கரையைத் துணி அலமாரியில் வைப்பாள். மறுநாள் செருப்பை அடுப்பில் வைப்பாள். ஒரு நாள் போல இன்னொரு நாள் இருந்ததில்லை. தெல்மாவின் தப்போ பஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததுபோல ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "நாரிஸ், வண்டிய எடு."

"பந்தயம் மறுபடி தொடங்க இன்னும் நேரம் இருக்கே, செல்லம்."

"இன்னொரு தடவ செல்லம்னே, நான் நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன். பெரிய ரோட்டுக்கு விடு. மைல் கல் இருக்குற பழைய ரோடு."

நாரிஸ் வண்டியை அங்கே விட்டான். முதல் மைல் கல்லில் மீட்டரைச் சுழியத்துக்குத் திருப்பினாள். அதற்குப் பிறகு வேலியோரப் புல்லுக்குள் பாதி மூழ்கிக் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். கல் கணக்கில் பதிமூன்று மைல் ஆனபோது நிறுத்தச் சொன்னாள். மீட்டர் பன்னிரண்டு காட்டியது.

"இந்த மீட்டரச் சுத்துற கேபிள் எங்கேருந்து வருது?"

"கியர் பெட்டிலேருந்து."

"டிஃபரென்ஷியலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி..." என்றான். அவன் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. புதுப் பெட்டியில் பல் கணக்கு வேறு. எஞ்சின் குறைவாகச் சுற்றினாலே சக்கரம் அதிகம் போய்விடும். அதனால்தான் இப்போதெல்லாம் பெரிய சாலையில் வண்டி சத்தமில்லாமல் போகிறது என்று மாதக்கணக்காக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்ததும் இவன்தான். கியர் பெட்டியின் சுற்றை மட்டும் எண்ணுகிற மீட்டர், சக்கரம் போகிற தூரத்தைப் பாவம் எப்படி அறியும்?

"குளிர்காலம் பூரா அதுக்கடியிலதானே படுத்துக் கிடந்தே?" என்றாள் தெல்மா. "உனக்குத் தோணலியா?"

"உனக்கும் தோணலியே."

"எனக்கு எப்படித் தோணும்? எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நான் பயந்துட்டு இருந்தேன்!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வேலிக்கு அப்பால் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. நாரிஸ் எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"நானும் அதான் பயந்தேன்," என்றான். "வியாழக்கிழமை சாயங்காலம் மெல்வின் வீட்டுக்குப் போறேனே, அது அவன் எஞ்சினப் பாக்க இல்ல. அவன் பொண்டாட்டி ஜோன்கிட்ட சமையல் கத்துக்கிட்டு இருக்கேன். உனக்கு முடியாமப் போச்சுன்னா..."

உப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்கிற மனுஷன் இவன்.

"என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டாள்.

"ஆட்டுக்கறி மேல உருளைக்கிழங்கு மசிச்சுப் போட்டுச் சுடுறது. வெங்காயத்தாள் சூப்பு. மத்ததெல்லாம் தீஞ்சு போகுது. இனிமே போக வேண்டாம் இல்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் அம்மாவின் பெண். அதை எந்த மீட்டரும் மாற்றிவிடவில்லை.

"போ," என்றாள். "நிறுத்தாதே. அம்மாவுக்கு வந்தது எனக்கு வரவே வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல."

நாரிஸ் அவளைப் பார்த்தான். "அடுத்து என்ன சொல்லித் தரணும்னு ஜோன் கேப்பா."

"முட்டை வேக வைக்கச் சொல்லித் தரச் சொல்லு," என்றாள் தெல்மா. "காலைல எனக்கு அது இல்லாம முடியாது. அத நான் மறந்துட்டாலும் நீ மறந்துடாதே."