காலியாக இருந்த மான் கட்டம்

1. மிளாவும் மானும்

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் புரூஃப் பார்த்தேன். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, போஸ்டிங் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று உள்ளே போனவள். போஸ்டிங் வரவேயில்லை. ஓய்வு பெற்று வெளியே வரும்போது கண்ணாடி பவர் மட்டும் கூடியிருந்தது. பிரஸ்ஸில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'தான். பிழை திருத்துவதும் பாதி வாத்தியார் வேலை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் கோட்டைவிட்ட பிழைகள் கொஞ்சமல்ல. ஒரு வருஷம் அமாவாசையை ஒரு நாள் முன்னால் போட்டு, போனில் ஊர் ஊராக ஏச்சு வாங்கினேன். அதை இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சிரிப்பு வராத ஒன்றைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாக வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அங்கே வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடை, வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு மடக்கு அட்டை. பத்தாயிரம் பிரதி. எந்த மிருகத்தை, எந்த ஆயுதத்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேட்டையாடலாம், அதற்கு என்ன பெர்மிட் என்பதுதான் விஷயம். பகுதிக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் 'எல்க்' என்று ஒரு பத்தி, மான் என்று ஒரு பத்தி.

டைப் செட்டிங் செய்தவள் பாண்டியம்மாள். எம். புதுப்பட்டிப் பக்கம் பத்து வருஷம் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போனவள். பிறகு அதை விட்டு, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"படத்தப் பாத்தா ரெண்டும் மான்தானக்கா? எதுக்கு ரெண்டு பத்தி?" என்றாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில மிளா இருக்குல்ல, அது மாதிரி ஒண்ணு பெருசு. இன்னொண்ணு சாதா மான்."

அன்றிலிருந்து பிரஸ்ஸில் அது மிளாப் பத்தி, மான் பத்தி.

ஆயுதம் மூன்று. முதலில் வில்லுக்குச் சீசன், அதுதான் நீளம். பிறகு பழைய காலத்து மருந்துத் துப்பாக்கி. கடைசியில் ரைபிள், அதற்கு நாள் குறைவு. தூரத்திலிருந்து சுலபமாகக் கொல்லுகிற ஆயுதத்துக்கு நாளைச் சுருக்கியிருந்தார்கள். மானுக்குப் பெர்மிட் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்; மிளாவுக்குப் பல இடங்களில் குலுக்கல். வில்லுக்குப் பெர்மிட் வாங்கியவன் ரைபிளைத் தொடக் கூடாது. மருந்துத் துப்பாக்கியில் கருமருந்தைக் குழாயின் வாய் வழியே போட்டுக் குச்சியால் இடித்துக் கிட்டிக்க வேண்டும் என்று நான் வாசித்துச் சொன்னதும் பாண்டியம்மாள் சிரித்துவிட்டாள்.

"கருமருந்தா! அட, நம்ம சரக்கு. மானச் சுடுறதுக்கே இம்புட்டுச் சட்டமாக்கா?"

காலண்டர் சீசன் அது. என் மேஜையில் புரூஃப் தாள்கள் முழ உயரம் கிடந்தன. முன்பெல்லாம் ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் அச்சைப் பார்ப்போம். ஆள் குறைத்த பிறகு இரண்டும் நானே. மூலத்தில் இருக்கிற ஒவ்வொரு தேதிக்கும் அச்சில் ஒரு டிக் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

2. வடை மடித்த தாள்

சனிக்கிழமை நாலு மணிக்கு எதிர்த்த டீக்கடையில் வடை வாங்கினேன். எங்கள் ஊரில் வடை மடிக்கிற தாள் ஏதாவது ஒரு பிரஸ்ஸின் வேஸ்ட் தாளாகத்தான் இருக்கும். அன்றைக்கு வந்தது எங்கள் மான் தாள். மெஷின் ஓடத் தொடங்கும்போது கலர் சரி பார்த்துக் கழித்தது.

புரூஃப் பார்க்கிறவளுக்கு வடையைத் தின்னும்போதும் கண் சும்மா இருக்காது. வடக்குப் பகுதிப் பக்கம். மிளாவுக்கு மருந்துத் துப்பாக்கிச் சீசன் ஒன்பது நாள். பக்கத்தில் மானுக்கும் அதே ஒன்பது நாள். வடையைக் கீழே வைத்துவிட்டுத் தாளை விரித்தேன். மூலத்தில் அந்த இடத்தில் ஒன்றும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஓடிப் போய் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டம் காலி. ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"பிளாங்க்னா சீசன் கிடையாதுன்னு அர்த்தம் மேடம். அந்த நாள்ல மானச் சுட்டா கேஸு. பெர்மிட்டயும் பிடுங்கிருவாங்க, துப்பாக்கியையும் பிடுங்கிருவாங்க. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, மூலத்தில் இல்லாதது அச்சில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. முப்பது வருஷ அனுபவம் அன்றைக்கு ஒரு வடைக்குப் பெறவில்லை.

பத்தாயிரமும் அச்சாகி, மடித்து, பெட்டியில் ஏறியிருந்தது. திங்கட்கிழமை மதியம் தூத்துக்குடிக்கு லோடு. நான் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் பாண்டியம்மாள் வேலை போய்விடும். போன மாதம்தான் ஒரு நகைக்கடைக் காலண்டரில் போன் நம்பர் தப்பாகி, "இன்னொரு தப்பு வந்துச்சு, நீ பட்டாசுக்கே போயிரும்மா" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவளிடம் சொல்லியிருந்தார். பட்டாசுக்குப் போவதென்றால் என்ன என்பதை அவள் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் தெருவில் சீனிவெடி வெடித்தால்கூட அவள் எழுந்து கதவைச் சாத்துவாள்.

முதலில் அவளிடம்தான் போனேன். தாளைக் காட்டினேன்.

"காலியா இருந்துச்சுக்கா. நம்ம காலண்டர்ல கட்டத்தக் காலியா விடமாட்டோம்ல? அதான் பக்கத்துல இருந்தத எடுத்துப் போட்டேன்."

அவள் சொன்னது சரிதான். தினசரி ஷீட்டில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் பார்ட்டி 'அச்சு விழல' என்று பண்டலைத் திருப்பிவிடுவான். ஒரு கோடோ, ஒரு சாமி பெயரோ, முந்தின நாளில் இருப்பதோ, எதையாவது போட்டு நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். நானே பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"மொதலாளிட்டச் சொல்லிருவீகளா?"

"எவனோ ஒருத்தன் நம்ம அட்டைய நம்பிக் காட்டுக்குப் போவான். சொல்லாம எப்படிம்மா?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்குக் கோபமே வரவில்லை, அலுப்புதான் வந்தது. இந்த வயதில் இது வேறா என்று இருந்தது.

முதலாளி தாளைப் பார்த்ததும் கேட்டார். "கட்டத்த நிரப்புனது யாரு?"

"கையெழுத்து என்னோடது."

"நான் அதக் கேக்கல டீச்சர்."

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பாண்டியம்மாள், "நாந்தான் மொதலாளி" என்றாள்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல சரக்கச் சரி பண்ணுங்க. திங்கக்கெழமை பேசிக்கிருவோம்."

3. ஸ்டிக்கர்

சீசன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே சொல் அச்சடித்த ஸ்டிக்கர். கட்டத்தைவிட ஒரு நூல் பெரியது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒட்டினோம். எனக்குச் சர்ச் போயிற்று. பைண்டிங் பெண்கள் இருபது பேருக்கு லீவு போயிற்று. அவர்கள் என்னைத் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாண்டியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டினாள். கையை நிறுத்தாமல் பேச ஆரம்பித்தாள்.

"பட்டாசுலயும் இப்படித்தான்க்கா பெர்மிட்டு. ஒரு ரூமுக்கு நாலு பேரு. அதுக்கு மேல இருக்கக் கூடாது. எனக்குக் கொஞ்சம் எழுதத் தெரியும்னு ரிஜிஸ்தர் எழுத விட்டாக. கட்டம் காலியா இருந்தா செக்கிங்ல கேள்வி கேப்பாகன்னு, ஒண்ணாந் தேதியே மாசம் பூராவுக்கும் நாலு, நாலுன்னு போட்டு வச்சிருவேன்."

நான் அடுத்த பெட்டியை இழுத்துப் பிரித்தேன்.

"தீபாவளி லோடு நேரம். அன்னைக்கு உள்ள அஞ்சு பேரு. வெடிச்சப்ப, எத்தன பேருன்னு தீயணைப்பு வண்டிக்காரக ரிஜிஸ்தரக் கேட்டாக. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். நாலு பேர எடுத்துட்டுத் தேடுறத நிப்பாட்டிட்டாக. சாயங்காலம் வேன் ஏறுறப்ப ஒரு தூக்குவாளி மிச்சம் கெடந்துச்சு."

"யாரோடது?"

"என் நாத்தனாரோடது. அவ வேற ரூம்லன்னு நெனச்சிருந்தேன்."

என் கையிலிருந்த ஸ்டிக்கர் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவ்வளவு நடந்த பிறகுமா என்று மனசுக்குள் பொங்கியது. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அப்புறமும் எதுக்கு பாண்டியம்மா கட்டத்த நிரப்புன?"

அவள் அடுத்த அட்டையை எடுத்தாள். "கை பழகிருச்சுக்கா."

4. இரண்டாவது கையெழுத்து

திங்கட்கிழமை லோடு போனது. முதலாளி கூப்பிடுமுன் நானே போய் நின்றேன்.

"அவள கம்ப்யூட்டர்லருந்து எடுத்துருங்க. ஆனா அனுப்ப வேண்டாம். என் மேஜையில உக்காரட்டும். மூலத்த வாசிக்க எனக்கு ஆள் வேணும்."

"வாசிக்க ஒரு ஆளா டீச்சர்?"

"அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா நேத்து இருபது பேரு ஒட்டிக்கிட்டு இருந்திருக்க வேண்டாம்ல?"

அவர் ஃபேனைப் பார்த்தார். எங்கள் முதலாளி ஃபேனைப் பார்த்தால் சம்மதம் என்று அர்த்தம்.

அதன் பிறகு நான் வேலையை விடும்வரை எந்தப் புரூஃபும் ஒற்றைக் கையெழுத்தில் போகவில்லை. அவள் மூலத்தை வாசிப்பாள், நான் அச்சைப் பார்ப்பேன். எழுத்து இருக்கிற கட்டத்துக்கு டிக் போடுவது போலவே காலிக் கட்டத்துக்கும் டிக். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காலிக் கட்டமும் ஒரு தகவல். அதை நிரப்ப வேண்டுமென்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்த வருஷமும் அந்த ஆர்டர் வந்தது. பாண்டியம்மாள் விரலை வைத்து நிதானமாக வாசித்தாள்.

"வடக்குப் பகுதி. மருந்துத் துப்பாக்கி. மிளா, ஒம்பது நாள். மான், காலி."

நான் டிக் போட்டேன். அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை.

"இன்னொருக்க நல்லாப் பாருங்கக்கா" என்றாள். "உள்ள யாரும் இல்லையே?"