கட்ச்சில் வாங்காத விரிப்பு

எந்தத் துணியானாலும் கையில் எடுத்தவுடன் திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பது என் அம்மாவின் வழக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தையல் எங்கே விட்டிருக்கிறது, பிசிறு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவதுதான் வேலை. அம்பு ஒட்டிய சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் அதைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். தையல் பிரிவுப் பெண்களுக்கு அம்மாவைக் கண்டாலே ஆகாது. எனக்கோ அம்மாவை மிஞ்சிய ஆள் பூலோகத்தில் இல்லை என்று நினைப்பு. கொரட்டூரில் எங்கள் தெருவில் யார் பட்டு எடுத்தாலும் அம்மாவிடம் ஒருமுறை காட்டாமல் கட்டமாட்டார்கள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் எடுத்தவள் முகத்தில் ஈயாடாது. ஒன்பது வயதிலேயே நானும் அந்த வித்தையில் பாதி கற்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பள்ளிச் சீருடையைப் புரட்டி என் கையிலேயே கொடுப்பாள். கோணல் தையலை நான் கண்டுபிடித்துவிட்டால் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்பாள்.

அந்தத் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வேலப்பன்சாவடியில். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு அதிலெல்லாம் மனது நிறையவில்லை. எல்லோர் வீட்டிலும் கொடுப்பதுதானே அது. எப்போதோ ஒருமுறை கம்பெனிக்கு மாதிரிக்காக ஒரு கட்ச் விரிப்பு வந்திருந்ததாம். பல அடுக்குத் துணியைச் சேர்த்துக் கையால் தைத்து, நடுநடுவே வட்டக் கண்ணாடிச் சில்லுகள் பதித்தது. அதை அரை நாள் மடியில் வைத்திருந்து ஒரு குறையும் காணாமல் திருப்பி அனுப்பினாளாம். அம்பு ஒட்டாமல் அவள் கையிலிருந்து போன ஒரே உருப்படி அதுதான் என்று வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறாள். அக்காவின் கட்டிலில் அப்படி ஒன்றைப் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்தில் இருந்தார். அப்போது அவருக்கு குஜராத்தில், அந்தக் கட்ச் பகுதியிலேயே, புஜ் என்ற ஊரில் வேலை. அரையாண்டு விடுமுறைக்கு எங்களை வரச்சொல்லி ஓயாமல் போன் செய்தார்.

"கல்யாணத்த வச்சிகினு குஜராத்துக்கு அலையப் போறியா?" என்றார் அப்பா.

"அலையல. கடைக்கிப் போயிட்டு வர்றேன்" என்றாள் அம்மா. இரண்டு நாள் ரயிலில் போக வேண்டிய கடை. கல்யாணப் பெண் அத்தனை தூரம் போகக்கூடாது என்று அக்காவை அப்பாவிடம் விட்டுவிட்டு, துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டாள்.

புஜ்ஜில் மாமா எங்களைக் கடைத்தெருவெல்லாம் சுற்றிக் காட்டினார். தெரு முழுக்கக் கண்ணாடி மின்னியது. பாவாடையில் கண்ணாடி, பையில் கண்ணாடி, ஒட்டகத்துக்குப் போடும் துணியில்கூடக் கண்ணாடி. நான் வாயைப் பிளந்தபடி நடந்தேன். அம்மா ஒவ்வொரு கடையிலும் விரிப்பை வாங்கி, புரட்டி, கையோடு திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர்கள் முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அவள் விட்டேனா பார் என்று முதுகையே பார்த்தாள்.

"மிஷின் வேலை. நூலு எப்படி ஒரே சீரா ஓடிகினு கீது பாரு. கைவேலைன்னு யாராண்ட கதை உடுறான்?"

"யக்கா, அவன் இந்தில பேசுறான். நீ தமிழ்ல திட்டுனா அவனுக்கு இன்னா தெரியும்?"

"திட்டுறது எந்த பாஷைல இருந்தாலும் தெரியும்டா."

கடைசியில் மாமா அலுத்துப்போய், வெள்ளைப் பாலைவனத்துக்குப் போகலாம், அங்கே கூடாரம் போட்டு விற்கிறார்கள் என்று நண்பர் ஒருவரின் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். காலையில் புறப்பட்டு இரண்டு மணி நேரம் போனோம். மரம் குறைந்தது, வீடு குறைந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. அத்தனையும் உப்பு என்றார் மாமா. வானம் எங்கே முடிந்து தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொரட்டூர் ஏரியைத்தான் அதுவரை உலகத்திலேயே பெரிய இடம் என்று நினைத்திருந்தேன். ஏனென்று தெரியாமல் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா குனிந்து, உப்பை விரல் நகத்தால் சுரண்டி, பாளமாகப் பெயர்த்துப் புரட்டிப் பார்த்தாள். அடியில் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேல எவ்ளோ வெள்ளையா கீது, அடியில பாத்தியா" என்று மாமாவிடம் காட்டினாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

கூடாரக் கடைகளிலும் அதே கதைதான். மறுநாள் இரவு எங்களுக்கு ரயில். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பும் வழியில் ஒரு கிராமத்தின் முனையில் மாமா டீ குடிக்க ஜீப்பை நிறுத்தினார். எதிரே ஒரு பெண் நடந்து போனாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெள்ளை வளையல்கள். கையில் துணிப்பை; அதிலிருந்து சிவப்பும் பச்சையுமாக நூல்கண்டுகள் எட்டிப் பார்த்தன.

வெளியூரில் எங்கே வாங்குவது என்பதற்கு அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டோக்காரனைக் கேட்காதே, ஓட்டல்காரனைக் கேட்காதே. அந்த ஊர்ப் பெண்கள் பையோடு எங்கே போகிறார்களோ அங்கே போ. பழவேற்காட்டில் கருவாடும் காஞ்சிபுரத்தில் நூல்புடவையும் அவள் அப்படித்தான் வாங்கியிருக்கிறாள். ஒருமுறையும் ஏமாந்ததில்லை.

"அவ கையில நூலு கீது. அவ போற எடம்தான் கடை, வாடி" என்று என்னை இழுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள். மாமா கையில் டீயோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அந்தப் பெண் வட்டமான ஒரு மண் கட்டடத்துக்குள் நுழைந்தாள். நாங்களும் நுழைந்தோம். அவள் திரும்பிப் பார்த்துத் திகைத்தாள். பிறகு சிரித்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். உள்ளே சுவர் முழுவதும் வெள்ளைக் களிமண்ணில் பூவும் மயிலும் வரைந்து, கோட்டுக்குக் கோடு கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். வாசல் வழியே வந்த வெயில் ஒவ்வொரு சில்லிலும் பட்டுக் கூரையெல்லாம் நட்சத்திரமாகத் தெறித்தது. நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் நாலைந்து வந்து விழுந்தன. எதிர்ச்சுவரில் ஒரு மரத்தட்டின்மேல் விரிப்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"பாத்தியா கடைய!" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

மூலையில் அக்கா வயதில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய் டீ கொண்டுவந்து எங்களுக்குச் சாசரில் ஊற்றிக் கொடுத்தாள். தி.நகர் புடவைக் கடைகளில் கூல்டிரிங்ஸ் தருவதில்லையா, அதுபோல என்று அம்மா அதையும் உரிமையோடு வாங்கிக் குடித்தாள். பிறகு எழுந்து அடுக்கிலிருந்து ஒரு சிவப்பு விரிப்பை உருவினாள். அதைத் தரையில் போட்டு, வழக்கம்போலத் திருப்பினாள்.

முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அம்மா மண்டியிட்டு ஓரம் ஓரமாக விரலை ஓட்டினாள். விரல் எங்கும் நிற்கவில்லை. நான்கு மூலையும் சுற்றி வந்து நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அம்மாவை அப்படி நான் பார்த்ததேயில்லை.

"எவ்ளோ?" என்று எங்களை உட்காரச் சொன்னவளைக் கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியவில்லை. அம்மா விரல்களை விரித்துக் காட்டினாள். மூலையிலிருந்த பெண் எழுந்து வந்து விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தன் தாயின் முகத்தையே பார்த்தாள். சரி, கொடுக்க மனமில்லாததுபோல் நடித்து விலையை ஏற்றுகிறார்கள் என்று அம்மா இன்னொரு விரலை நீட்டினாள்.

அந்த நேரத்தில்தான் மாமா எங்களைத் தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, இன்னா பண்ணிகினு கீற? இது கடை இல்ல, ஊடு!"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இந்தியில் ஏதேதோ சொல்லிக் கைகூப்பினார். பள்ளிக்கூடத்தில் படித்திருந்த மகளுக்கு இந்தி தெரிந்திருந்தது. அவள் சொன்னதை மாமா எங்களுக்குச் சொன்னார். அடுக்கியிருப்பதெல்லாம் அவள் கல்யாணச் சீராம். அவள் பிறந்ததிலிருந்து அவள் அம்மா வருஷத்துக்கு ஒன்றாகத் தைத்துச் சேர்த்ததாம். அதை விற்கிற வழக்கம் கிடையாதாம். அம்மா விரிப்பைக் கீழே போடவும் முடியாமல் கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். பிறகு இருந்த மடிப்பு மாறாமல் மடித்து, அடுக்கில் எடுத்த இடத்திலேயே செருகினாள்.

அந்தத் தாய்க்குக் கோபமே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். எதற்காக வாங்க வந்தீர்கள் என்று கேட்டாள். இவளுடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், இவள் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று மாமா அம்மாவைக் காட்டிச் சொன்னார். அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. ஆவலாக எதையோ கேட்டாள்.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "உன் பொண்ணுக்கு நீ இன்னா தச்சி வச்சிருக்கேன்னு கேக்குறாங்க."

அம்மா விரிப்பு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா எவ்வளவு பெரிய ஆள் என்று இவர்களுக்குத் தெரியவேண்டாமா? எழுந்து நின்று சொன்னேன்.

"எங்கம்மா தைக்கவே மாட்டாங்க. மத்தவங்க தச்சதுல தப்பு கண்டுபிடிப்பாங்க. அம்பத்தூர்லயே எங்கம்மாதான் ஃபர்ஸ்ட்!"

மாமா சிரித்துவிட்டு அதை அப்படியே இந்தியில் சொன்னார். அந்தப் பெண் தன் தாய்க்குச் சொன்னாள். இருவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் ஏதோ பெரிய மேடையில் பரிசு வாங்கியதுபோல் நின்றேன்.

சிரித்து முடித்ததும் அந்தத் தாய் ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். கண்ணாடிச் சில்லு ஒன்றை அதில் வைத்து, குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு நூல் போட்டு அதைப் பிடித்து, சுற்றிலும் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதுபோலத் தைத்துக் காட்டிவிட்டு, ஊசியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். கால்மணி நேரம் போராடி ஒரு கண்ணாடியைப் பதித்தாள். புறப்படும்போது அந்தத் தாய் கைநிறைய சில்லுகளையும் ஒரு சிவப்பு நூல்கண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அம்மாவின் மடியில் வைத்தாள். எவ்வளவு வற்புறுத்தியும் காசு வாங்கவில்லை.

மாமா எங்களை ரயிலேற்றினார். அகமதாபாத்தில் மாறி ஏறியதும், ஸ்டேஷனுக்கு வெளியே ஓடிப்போய் வாங்கி வந்திருந்த சிவப்புத் துணியை அம்மா மடியில் விரித்து ஊசியை எடுத்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. ரயில் ஆடிக்கொண்டே இருந்தது. ஊசி குத்தியதும் விரலை வாயில் வைத்துக்கொள்வாள், மறுபடி தைப்பாள். சாப்பாடு வாங்கினால்கூட எனக்கு ஊட்டிவிட்டு அவள் தைத்தாள். முதல் கண்ணாடி முடிந்ததும் துணியை என்னிடம் நீட்டினாள்.

"இது பரவால்லியாடி?"

நான் துணியைத் திருப்பினேன். பின்பக்கம் நூல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தேன். "இங்க கோணல். இங்க பிசிறு."

"ஆமாண்டி" என்று அம்மா பிரித்தாள்.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒவ்வொன்றாக முடித்து என்னிடம் நீட்டுவாள், அதையே கேட்பாள். மத்தியானம் கேட்ட குரல் சாயங்காலம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "முன்பக்கம் பாரு, முன்பக்கம் நல்லாத்தான கீது?" என்று ஒருமுறை கேட்டாள். என்னிடமா அம்மாவின் வித்தை பலிக்கும்? முன்பக்கத்தைக் காட்டி என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. துணியைப் புரட்டி விரலை வைத்தேன். அவள் பிரித்தாள். பிரித்துப் பிரித்துத் துணியில் அந்த இடமெல்லாம் ஊசித் துளையாகிவிட்டது. சென்னை நெருங்கி, கூடூர் தாண்டியதும் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, துணியைச் சுருட்டிப் பையின் அடியில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். ஒரு தப்பைக்கூட விட்டுவிடவில்லை என்ற பெருமையோடு நான் சென்ட்ரலில் இறங்கினேன்.

தை பிறந்தது. அக்கா கல்யாணமாகிப் போனாள். கட்டிலில் கடையில் வாங்கிய பூப்போட்ட பெட்ஷீட் விரித்திருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று ரயிலில் அம்மா என்னைச் சோதிக்கிறாள் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டி முழுக்க வேற்றுபாஷைக்காரர்கள். "நல்லா கீதும்மா" என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.